விருதுநகர் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் விருதுநகர் மாவட்டத்தில் முதலில் எழும் கேள்வி, மாநிலத்தில் நமக்கு எத்தனையாவது இடம் என்பதுதான். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு நீண்ட காலம் முதலிடம் இங்கேயே தங்கியிருந்தது. இடையில் கைநழுவிப் போனாலும் 2017, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் திரும்பி வந்தது. 2023-ல் மாநிலத்தின் தேர்ச்சி 94.03 சதவீதம், விருதுநகரின் தேர்ச்சி 97.85 சதவீதம். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில், பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சுத் தொழிலையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எடுத்த இடம் அது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், 2018-ல் நிதி ஆயோக் வெளியிட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் இதே விருதுநகர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே. தேர்ச்சியில் முன்வரிசையில் இருக்கும் மாவட்டம் வளர்ச்சியில் பின்வரிசையில் நிற்க, வானிலை தொடங்கி வேலைவாய்ப்பு வரை பல காரணங்கள் உண்டு. பழியைப் பள்ளிகளின் தலையில் கட்டுவது நியாயமாகாது. என்றாலும், பள்ளி மாற்றக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளைகளின் பாடச்சுமை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சுமையைச் சுமக்கத் தேவையான தனிப்படிப்புக்கோ அவர்கள் நாளில் இடமே இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட அந்த நேரத்தைப் பள்ளியின் நேர அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிறப்பு வகுப்பின் வரலாறு

இங்கே சிறப்பு வகுப்பு ஏன் இவ்வளவு வேரூன்றியது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைக் குறை சொல்ல முடியாது. 1980-களில் சிவகாசி வட்டாரம் குழந்தைத் தொழிலாளர்களால் நாடெங்கும் பேசப்பட்டது. விடியும் முன்பே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஆலை வண்டிகளைப் பற்றி அந்தக் காலத்து ஆய்வுகள் விரிவாகப் பதிவுசெய்திருக்கின்றன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசியை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ.20,000 செலுத்த வேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம், 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரையும் ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்றது.

சட்டம் ஆலையின் கதவை அடைத்தது என்றால், பிள்ளையைப் பள்ளிக்குள் பிடித்து நிறுத்தியவர்கள் ஆசிரியர்கள். மாலை ஆறு, ஏழு மணி வரை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தீப்பெட்டி ஒட்டவோ, வெடிக்குக் குழாய் உருட்டவோ யாரும் கூப்பிட முடியாது. காலை வகுப்பு, மாலை வகுப்பு, தேர்வு நெருங்கும்போது இரவுப் படிப்பு, மெல்லக் கற்போருக்குத் தனிக் கவனம், அன்றாடம் ஸ்லிப் டெஸ்ட் என்று கட்டியெழுப்பப்பட்ட முறை, மதிப்பெண்ணோடு சேர்த்துப் பாதுகாப்பையும் தந்தது. முதல் தலைமுறையாகப் பள்ளிப் படிப்பை முடித்த எத்தனையோ பேர் அந்த ஆசிரியர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

அன்றைய தேவை, தோற்கக்கூடிய பிள்ளையைத் தேற வைப்பது. அதற்கு அந்த முறை பொருந்தியது. இன்றைய பிள்ளை எதிர்கொள்வது வேறு விதமான சோதனை.

இரண்டு தேர்வுகளுக்கு நடுவே

பிளஸ் டூ தேர்வில் கேள்விகளின் ஊற்று பாடப்புத்தகம். புக் பேக் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த மாணவர் நல்ல மதிப்பெண் எடுத்துவிடலாம். 2017 முதல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையை முடிவுசெய்யும் நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். அதன் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பதினொன்றாம் வகுப்புக்குரியது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யில் கணக்கின் சிக்கல் இன்னும் கூடுதல். விடையை நினைவிலிருந்து எடுத்து எழுதும் பழக்கம் அங்கே போதாது. பார்த்திராத கேள்வியோடு தனியாக மல்லுக்கட்டிய அனுபவம் வேண்டும்.

நீட் தேவையா என்ற அரசியல் கேள்வி தனி. அது தீரும்வரை பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ படிக்கும் பிள்ளைக்கு டாக்டர் கனவு இப்போது பக்கத்து ஊர்க் கனவு. ‘நான் முதல்வன்’ திட்டமும் மாதிரிப் பள்ளிகளும் ஐஐடி-களின் வாசலைக் காட்டியிருக்கின்றன; இம்மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆக, பெரிய படிப்பு நமக்கு எட்டாது என்ற காலம் போய்விட்டது. எட்டுவதற்கான பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

ஒரு நாளின் கணக்கு

பர்ஸ்ட் குரூப் எடுத்த ஒரு கிராமத்து மாணவியின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டேகால் மணிக்குக் காலைச் சிறப்பு வகுப்பு. அதற்கு ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். ஒன்பதரை முதல் நாலேகால் வரை பள்ளி. ஆறு மணி வரை மாலை வகுப்பு. வீடு சேர ஏழு. பட்டாசு ஆலையிலிருந்து களைத்து வந்திருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, தம்பியைக் கவனித்து, சாப்பிட்டு எழுந்தால் எட்டு. அதன் பிறகு ரெக்கார்டு நோட்டு, வீட்டுப்பாடம், மறுநாள் ஸ்லிப் டெஸ்ட்டுக்கான ஒன் வேர்ட். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறாள். சனிக்கிழமை வந்தால் நீட் பயிற்சி வகுப்பு.

படிப்போடு அவள் இருப்பது பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதில் ‘இன்று எனக்கு எது புரியவில்லை, அதை எடுத்துப் படிக்கிறேன்’ என்று அவளே முடிவுசெய்யும் நேரம் அரை மணிகூட இல்லை. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016-ம் ஆண்டுப் பரிந்துரை. அதுவும் அவளுக்கு வாய்ப்பதில்லை. இந்த நாளுக்குள் இன்னொரு பயிற்சி வகுப்பைத் திணித்தால், அது தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்கப்படும்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பு நேரம் இதேதான் என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தனி அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, வேலை வாங்காத பெற்றோர் இருக்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே நோட்டை விரிக்கும் பிள்ளைக்குத் தனிப்படிப்பு என்பது பள்ளியில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சிவகாசி வட்டாரத்தில் இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு உற்பத்தி உச்சத்தில் இருக்கும். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் வருவது அதே செப்டம்பர், அக்டோபரில். பெரியவர்கள் கூடுதல் நேரம் உழைக்கும் அந்த வாரங்களில் வீட்டுப் பொறுப்பு மூத்த பெண் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. சுயபடிப்பை வீட்டுக்கு ஒத்திவைக்கும் எந்தத் திட்டமும் ஏழைப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளும் திட்டம்தான்.

ராமானுஜனுக்குக் கிடைத்த கைடு

தனிப்படிப்பு என்றதும் ராமானுஜனை இழுத்துவருவது நம் வழக்கம். அவர் கதையின் ஒரு பாதியை மட்டும் சொல்வதும் வழக்கம். 1903-ல் கும்பகோணத்துப் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜன் கைக்குக் கிடைத்தது ஜி.எஸ்.கார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல். கார், கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்த டியூஷன் ஆசிரியர். அவருடைய நூல் அந்தக் காலத்து கைடு. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிறுவல் பெரும்பாலும் இருக்காது. மனப்பாடம் செய்வதற்கு வாகான அந்தப் புத்தகத்தை ராமானுஜன் வேறு விதமாகப் பயன்படுத்தினார். விட்டுப்போன நிறுவல்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். ஒரு சாதாரண கைடிலிருந்து ஒரு கணித மேதை எழுந்து வந்தது, அந்தப் பையனுக்குத் தன் விருப்பத்துக்குச் செலவிட நேரம் இருந்ததால்.

மறுபாதி கசப்பானது. 1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பல ஆண்டுகள் வேலைக்காக அலைந்தார். தனிப்படிப்பு பாடத்திட்டத்தை விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி. மேதைக்குக்கூடச் சமநிலை தானாக அமையவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையிடம் ‘நீயே சமாளித்துக்கொள்’ என்று சொல்லாமல், அந்தச் சமநிலையைப் பள்ளிதான் அமைத்துத் தர வேண்டும்.

எப்படிப் படிப்பது என்பதும் ஒரு பாடம்

ஒதுக்கும் நேரத்தில் பிள்ளை உண்மையில் படிக்குமா என்ற ஐயம் நியாயமானது. தனியே படிக்க விட்டால் பெரும்பாலான மாணவர்கள் செய்வது, அடிக்கோடிட்ட வரிகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு உரைநடைப் பகுதியை மறுபடி வாசித்தது. இன்னொரு குழு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், வாசித்தவர்கள் 42.

அடிக்கடி எழுத வைக்கும் நம் ஆசிரியர்களின் உள்ளுணர்வு சரியானது என்பதை இந்த முடிவு காட்டுகிறது. மாற வேண்டியது, கேள்வியை யார் எடுக்கிறார் என்பது. நாற்பது பேருக்கும் ஒரே ஸ்லிப் டெஸ்ட் வைத்தால், இயக்கவியலில் தடுமாறும் பிள்ளையும் கரிம வேதியியலில் தடுமாறும் பிள்ளையும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே மீண்டும் எழுதிக்கொண்டிருப்பார்கள். தன் தவறுகளுக்கென்று ஒரு நோட்டு வைத்து, அதில் இருப்பதை மூன்று நாள் கழித்தும் பத்து நாள் கழித்தும் மூடிவைத்து எழுதிப் பார்க்கும் மாணவருக்கு ஒரு மணி நேரம் போதும். பொது வகுப்பின் மூன்று மணி நேரத்துக்கு அது ஈடாகும் என்பது இப்படிப் படித்து வந்தவர்கள் பலரும் சொல்வது. இந்த முறையைப் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே ஆசிரியர்கள் செய்து காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சுமையை இறக்கிவைக்கும் தைரியம்

நேரத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது, சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஏ-லெவல் மாணவர் பொதுவாக மூன்று பாடங்களை எடுத்து ஆழமாகப் படிக்கிறார். நம் பிள்ளைக்கு இரண்டு மொழிகளையும் சேர்த்து ஆறு பாடங்கள். அதன் மேல் நீட், அதற்கும் மேல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஜேஇஇ. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பர்ஸ்ட் குரூப் கிடைத்தால்தான் பிள்ளை கெட்டிக்காரன் என்ற எண்ணம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மருத்துவம் மட்டுமே நோக்கம் என்று தெளிவாக இருக்கும் பிள்ளை கணக்கை விட்டுவிட்டுத் தாவரவியல், விலங்கியல் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பொறியியல் மட்டுமே நோக்கம் என்றால் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுக்கலாம். வணிகவியல் எடுத்துக் கணக்காளராவதும், அச்சுத் தொழிலின் தலைநகரான சிவகாசியில் அச்சுத் தொழில்நுட்பம் படிப்பதும் தோல்வியாகாது.

பத்தாம் வகுப்பு முடிந்த அந்த ஒரு மாதத்தில் பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்து, எந்தப் பாடத்தை எடுப்பது என்பதோடு எதை விடுவது என்றும் பேச வேண்டும். இரண்டு நுழைவுத் தேர்வுகளையும் ஆறு சென்டங்களையும் ஒரே நேரத்தில் துரத்தும் பிள்ளைகளில் பலர் எதையும் முழுதாகப் பிடிப்பதில்லை.

பிளஸ் ஒன் தரும் வாய்ப்பு

பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் வழக்கத்தை உடைக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு என்ற அழுத்தம் குறைந்தது நல்லது. பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்ற அச்சமும் கூடவே எழுகிறது. பிளஸ் ஒன் பாடம் விட்டுப்போனால் நீட்டிலும் ஜேஇஇ-யிலும் பாதிக் களத்தை நம் பிள்ளை ஆடாமலே இழப்பார்.

பொதுத் தேர்வு இல்லாத பிளஸ் ஒன் ஆண்டுதான் தனிப்படிப்பைப் பழக்க ஏற்ற ஆண்டு. இருக்கும் சிறப்பு வகுப்பு நேரத்திலிருந்தே தினமும் ஒரு மணி நேரத்தைப் பிரித்துவிடலாம். பள்ளி நேரத்தை நீட்ட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் பாடம் நடத்தக் கூடாது, டெஸ்ட் வைக்கக் கூடாது. ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும், சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எதைப் படிக்கப் போகிறேன் என்று மாணவர் முதலில் ஒரு வரி எழுத வேண்டும். முடிவில் என்ன புரிந்தது, எது புரியவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். தேர்ச்சிக்கே தடுமாறும் பிள்ளைகளுக்கு இப்போதைய தனிக் கவனம் அப்படியே தொடரட்டும்.

‘விட்டால் பேசிக்கொண்டிருப்பார்கள்’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். முதல் மாதம் பேசத்தான் செய்வார்கள். பத்து ஆண்டுகள் சொன்னதை மட்டுமே செய்த பிள்ளைக்கு விருப்பப்படி செய்யும் நேரம் கிடைத்தால் திகைப்பும் அரட்டையும் இயல்பு. அந்தத் தடுமாற்றம் பள்ளியில் நிகழ்ந்தால் கைகொடுக்க ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். கல்லூரி விடுதியில் நிகழ்ந்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

மகமையின் அடுத்த பணி

பள்ளிக்கு வெளியேயும் இடம் வேண்டும். இந்த மண்ணுக்கு அதற்கு முன்மாதிரி இருக்கிறது. வணிகச் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமையாலும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் பள்ளிகளை நடத்திய ஊர் விருதுநகர். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான். 1922 வாக்கில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் வழியில் சிவகாசியில் பெருகிய செல்வத்தின் ஒரு பங்கு கல்லூரிகளாகவும் மாறியது. பள்ளி கட்டும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. திருத்தங்கல், தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில் இப்போது தேவைப்படுவது, இரவு ஒன்பது மணி வரை விளக்கெரியும், பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்துபோகக்கூடிய படிப்பகம்.

புதிய கட்டிடம்கூடத் தேவைப்படாது. 1948-ம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிவருகிறோம். அந்த வரியில் இயங்கும் கிளை நூலகங்களின் நேரத்தை நீட்டி, இரண்டு மேசைகளையும் ஒரு காவலரையும் சேர்த்தால் படிப்பகம் தயார். பட்டாசு, தீப்பெட்டி, அச்சக நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து அந்தச் செலவை ஏற்கலாம். எந்தத் தொழிலாளியின் உழைப்பில் அந்த நிதி சேர்ந்ததோ, அவருடைய மகளுக்கு ஒரு நாற்காலியும் அமைதியும் தருவது பெரிய கொடையாகாது.

இதையெல்லாம் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டில் ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி வீதம் எடுத்து, பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இந்த ஒரு மணி நேரத்தை மாவட்ட நிர்வாகம் கொடுத்துப் பார்க்கலாம். தலைமையாசிரியர் கூட்டங்களில் தேர்ச்சி விகிதத்தோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்கலாம்: பிளஸ் ஒன் பாடம் முழுதாக நடந்ததா, மாணவர்களுக்குத் தனியே படிக்க எத்தனை மணி நேரம் கிடைத்தது? மேலதிகாரி எதைக் கேட்கிறாரோ, அதுதான் பள்ளியில் நடக்கும். தேர்ச்சியை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டோம், அது கிடைத்தது. இனி இவற்றையும் கேட்டால், இவையும் கிடைக்கும்.